சுருள் எண் 114

தகரப் பெட்டிகள் காலை ரயிலில் வரும்,
மூடியில் பனி ஒட்டியிருக்கும்.
அடுப்பருகே வைக்கக் கூடாது, பிலிம் பற்றிக்கொள்ளும்;
அதனால் நானும் அடுப்பை விட்டுத் தள்ளியே
உட்கார்ந்திருக்கிறேன், ஃபார்கோவில்,
வேளாண் கல்லூரியின் படப்பிரிவில்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று, ஜனவரி.

இரண்டு விரல்களுக்கு நடுவே சுருளை ஓடவிட்டு
கிழிந்த ஓரத்துளையைத் தொட்டறிவது என் வேலை.
கண் வேண்டாம், விளிம்பே சொல்லிவிடும்.
வெட்டி ஒட்டினால் பசையிலிருந்து
வாழைப்பழ வாசனை எழும்.
இந்த ஊருக்கு மார்ச் வரை வாழைப்பழம் வராது.

கோதுமைத் துருநோய், இரண்டு சுருள்.
பால் கறக்கும் இயந்திரம், ஒன்று.
குஞ்சு பொரிவது, ஒன்று:
அதைப் பின்னோக்கிச் சுழற்றுகிறார் எங்கோ ஒரு வாத்தியார்,
குஞ்சு ஓட்டுக்குள் திரும்பிப் போகிறது,
பிள்ளைகள் இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும்,
அந்த இடம் மட்டும் தேய்ந்து வருகிறது.
ஒரு லூத்தரன் ஆலயம்
பசு கன்று ஈனும் பகுதியைக் கத்தரித்துவிட்டு
கத்தரித்ததை உறையில் போட்டு
நேர்மையாகத் திருப்பி அனுப்பியது.
சிறைச்சாலை தேனீக்களை மூன்று முறை கேட்டது.
காரணம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாப் பெட்டியிலும் ஓர் அட்டை வைப்பேன்:
பார்த்தவர் எத்தனை? சுருளின் நிலை? பயன் என்ன?
பெரியவர் 31, சிறுவர் 50, நாய் 1.
பயன்: அன்று அடுப்பு நன்றாக எரிந்தது.

114, பல் துலக்கும் முறை.
காது கேளாதோர் பள்ளியிலிருந்து திரும்பியது,
அட்டையோடு நாலு பக்கக் கடிதம்.
அன்புள்ள மிஸ் ட்வெய்ட்,
'மேலிருந்து கீழாக' என்று எழுத்து வரும் இடத்தில்
பல் மருத்துவர் அதைச் சொல்லவில்லை.
என் பூட்ஸ் கடிக்கிறது என்கிறார்.
அம்மாவாக வருபவர்
இது யார் பிள்ளை, மூக்கு ஒழுகுகிறது என்கிறார்.
பையன் பேசும்போது வாயில் நுரை.
உதடு குவிந்து மூடியதால் 'வீட்டுக்கு' என்றான்
என்கிறோம் பன்னிரண்டு பேர்.
தெல்மா மட்டும், அவன் துப்பப் பார்த்தான் என்கிறாள்.
நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.
ராக்னா பியெர்க்கெ, வயது பதினான்கு.

நாலு வருஷமாக என் விரலிடுக்கில் ஓடிய படம்.
மூன்று முறை ஒட்டியிருக்கிறேன்,
ஒரு தடவை அந்தப் பையனின் தாடைக்குக் குறுக்கே.

சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
கட்டம் கட்டமாக வாய்.
ஒன்றில் திறப்பு, அடுத்ததில் கொஞ்சம் குறைவு,
அதற்கடுத்ததில் நுரை.
எந்தக் கட்டத்திலும் சொல் இல்லை.
வேகமாக இழுத்தேன்,
இருந்த மாதிரி இருந்தது.
கண்ணாடி முன்னால் போய்
நானே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்,
பிறகு துப்பியும் பார்த்தேன்.
கதவருகே தபால்காரர் நின்றுகொண்டிருந்தார்.

நிலை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுத வேண்டும்.
'வாய் பேசுகிறது' என்று எழுதி, அடித்து,
'நன்று' என்று எழுதினேன்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள்:
இனி மனிதர்கள் உள்ள படமாக அனுப்புங்கள்.
மாடுகள் மென்றுகொண்டேதான் இருக்கின்றன.

பட்டியலைப் புரட்டினேன்.
உழவு, உரம், வடிகால், பாலம் கட்டுதல்.
எல்லோரும் கையைத்தான் காட்டுகிறார்கள்,
முகம் தெரிகிற படம் ஏழோ எட்டோ.
கடைசியில் 62, ரொட்டி உருவாகும் விதம்.
அடுமனைக்காரர் முக்கால்வாசி நேரம் முதுகு,
இரண்டே இடத்தில் திரும்பி ஏதோ சொல்கிறார்.
கட்டி, எடை போட்டு, முகவரி ஒட்டினேன்.
என்ன சொல்கிறார் என்று எழுது, ராக்னா.
அவருக்குப் பெரிய மீசை,
மாவு வேறு படிந்திருக்கிறது.