தயவுசெய்து காத்திருக்கவும்

ஒன்பது மணிக்குத் திரை விழித்தது.
ஒன்பது பத்துக்கு அதன் நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.
கடலூர், மஞ்சக்குப்பம்,
புறநோயாளிப் பிரிவு, மூன்றாம் கவுண்ட்டர்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
ஒப்பந்த ஊழியை. பொங்கலுக்குப் பிறகு சம்பளம் வரவில்லை.

அந்தப் பக்கம் வரிசை
சைக்கிள் ஸ்டாண்டு வரை போய்
அங்கே நிழலில்லாததால் வளைந்து திரும்பி வருகிறது.
தேவனாம்பட்டினத்திலிருந்து கயிறு அறுத்த கை ஒன்று,
சிப்காட் பக்கமிருந்து ஓயாத ஓர் இருமல்,
முந்திரி உடைத்து வெந்த விரல்களோடு
பண்ருட்டிக்காரி ஒருத்தி.
எல்லோரும் எட்டி எட்டி வட்டத்தைப் பார்க்கிறார்கள்,
அதற்குத்தான் உடம்பு சரியில்லை என்பதுபோல.

எத்தனை கோடி என்று தொடக்க விழாவில் சொன்னார்கள்.
கைதட்டலில் எண் சரியாகக் கேட்கவில்லை.
பார்மசி ஜைனுலாபுதீன்
அந்தக் காசுக்கு எத்தனை குளுக்கோஸ் பாட்டில் என்று
மருந்துச்சீட்டின் முதுகில் வகுத்துப் பார்த்தார்.
பூஜ்யங்களுக்குச் சீட்டு போதவில்லை.

பயிற்சி தர ஒரு பையன் வந்தான், இரண்டு நாள்.
நல்ல பையன்.
போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"அக்கா, சேவ் ஆயிடுச்சுன்னு காட்டும்.
ஆயிடுச்சுன்னு அர்த்தமில்ல."
அவன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.
அவன் கம்பெனிக்கும் வேறு பெயர்.

பிறந்து நாலு நாளான சிசுவுக்கு
தொழில் என்ன என்று கேட்கிறது திரை.
கட்டாயக் கட்டம், விட்டுவிட்டுப் போக முடியாது.
'மற்றவை' என்று அழுத்துகிறேன்.

காகிதம்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை.
ஒரு கார்த்திகை மழையில்
பழைய பதிவறைக்குள் கெடிலத்துத் தண்ணீர் வந்தபோது
ஒரு தாலுகாவின் காய்ச்சல் முழுவதும் கூழானது.
மிச்சத்தைக் கரையான் படித்தது.
கம்ப்யூட்டர் வருகிறது என்றதும்
இனிப்பு வாங்கி வந்தவளே நான்தான்.

செவ்வாய்க்கிழமை கன்னியம்மா வந்தாள்.
தாழங்குடாவில் ஒரு கன்னியம்மா உண்டு,
ராசாப்பேட்டையில் ஒரு கன்னியம்மா உண்டு,
இருவருக்கும் நாற்பத்தொன்று.
இரட்டைப் பதிவுகளை நீக்குகிறோம் என்று
எங்கோ எவரோ ஓர் இரவில் பித்தானை அழுத்த
இரண்டு பெண்கள் ஒருத்தியாகிவிட்டார்கள்.
ஒருத்தியின் சர்க்கரை, இன்னொருத்தியின் கை.
சீட்டில் இன்சுலின் என்று அச்சாகி வந்தது.
பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக்.

டோக்கன் கூப்பிட்டபோதுதான் பார்த்தேன்,
இது வேறு முகம்.
நாற்காலி கவிழ ஓடினேன்.
வரிசை என்னைத் திட்டியது, நியாயமாகத்தான்.
ஊசி அறையில் பஞ்சு ஏற்கனவே நனைந்திருந்தது.
"ஒனக்கு சுகர் இருக்கா?"
"இல்லியே, கால்ல முள்ளுதான்."

இதை நான் புகாராக எழுத வேண்டும்.
அதையும் அதே திரையில்தான் எழுத வேண்டும்.
'பிரிண்டர்' இருக்கிறது, 'பாஸ்வேர்டு' இருக்கிறது,
'ஆள் மாறிப்போனது' என்றொரு வகை இல்லை.
பிரிண்டர் என்றே போட்டேன்.
மூன்றாம் நாள் பதில் வந்தது:
தங்கள் குறை தீர்க்கப்பட்டது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
இரண்டாம் கட்டம் பற்றிப் பேசினார்கள்.
இவ்வளவு போட்ட பிறகு எப்படி நிறுத்துவது என்றார் ஒருவர்.
போட்டதைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் போடலாம்,
சூதாட்டத்தில் தோற்றவன் வீட்டிலும்
இதே குரலைக் கேட்டிருக்கிறேன்.
டீ வந்தது. முந்திரி பக்கோடா வந்தது.
எங்கள் சம்பளம் 'இதர' தலைப்பில் கடைசிப் பக்கத்தில் இருந்தது,
கடைசிப் பக்கத்துக்கு நேரமில்லை.

ராசாப்பேட்டை கன்னியம்மா
கட்டு மாற்ற மறுபடி வந்தாள்.
திரையில் இன்னும் ஒருத்திதான்.
அவள் சீட்டின் மேல்
சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன்:
இவர் அவர் இல்லை.

வாங்கி, ஊதிக் காயவைத்து,
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டே கேட்டாள்:
"இத எத்தினி நாளைக்கும்மா
பத்திரமா வச்சிருக்கணும்?"