ஏற்றம்

இந்த மேட்டை என் கெண்டைக்கால்கள் அறியும்.
நூரம்பெர்க்கில் இரண்டு குளிர்காலம்,
முதுகில் சதுரப் பெட்டி,
பெட்டிக்குள் ஆறிக்கொண்டிருக்கும்
யாருடையதோ இரவுச் சாப்பாடு.
பர்க் தெருவை மிதித்தே ஏறிவிடுவேன்.
கல் பாவிய கடைசி வளைவில் மட்டும்
இறங்கித் தள்ள வேண்டும்.

பேரரசர்களின் குதிரை லாயம்
இப்போது இளைஞர் விடுதி.
பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள்
இரவு பத்து மணிக்கு
ஒன்பது பீட்சா கேட்பது அங்கிருந்துதான்.
குதிரைகள் இதைவிட
அமைதியாகத் தின்றிருக்கும்.

வாசல்வரை வந்தவன்
உள்ளே போனதில்லை.
இன்று விடுப்பு. செயலியை அணைத்தேன்.
பெட்டி இல்லாத முதுகு
சட்டை போடாததுபோல் கூசியது.
"மாணவரா?" என்றாள் டிக்கெட் தருபவள்.
அட்டையை நீட்டினேன்.
அதிலிருந்தவனுக்கு
இன்னும் தாடி முளைக்கவில்லை.
அவனை நம்பி மூன்று யூரோ குறைத்தாள்.

உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு தேவாலயம்.
மேலே அரசருக்கு, கீழே ஏவலருக்கு.
நடுவில், தளத்தில், ஒரு சதுர ஓட்டை.
ஒரே பூசை. ஒரே பாட்டு.
பாட்டு கீழே இறங்கும்.
யாரும் மேலே ஏறுவதில்லை.
ஓட்டைக்கு அடியில் நின்று அண்ணாந்தேன்.
மேலிருந்து எட்டிப் பார்த்த குழந்தை கையசைத்தது.
நானும் அசைத்தேன், எல்லாப் பல்லும் தெரிய.
பழக்க தோஷம்:
ஐந்து நட்சத்திரத்துக்கான சிரிப்பு.

கிணற்று வீட்டில் வழிகாட்டி யூட்டா
குவளையை ஏனோ என்னிடம் தந்தாள்.
"ஊற்றுங்கள். மற்றவர்கள் மூச்சு விடாதீர்கள்."
பாறையைக் குடைந்து குடைந்து
இருட்டு வரை போன கிணறு.
ஊற்றினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.
மார்ச் மாதம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு
நான் அனுப்பிய விண்ணப்பம்
நினைவுக்கு வந்தது.
நான்கு என்று வாயெடுக்கும்போது
அடியில் யாரோ ஒற்றைக் கைதட்டல் தட்டினார்கள்.
எல்லோரும் சிரித்தோம்.
விண்ணப்பம் இன்னும்
விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

மதில் மேல் ஒரு குளம்படி காட்டினார்கள்.
தூக்குக்கு நின்ற கொள்ளைக்காரன் ஒருவன்
கடைசியாய் ஒருமுறை குதிரை ஏறக் கேட்டானாம்,
ஏறியவன் அகழியைத் தாண்டிப் பறந்தானாம்.
கதைதான்.
ஆனாலும் அகழியின் அகலத்தை அளந்து பார்த்தேன்,
என் சைக்கிளுக்கு எத்தனை கியர் என்று யோசித்தபடி.

திட்டில் நின்றால்
ஊர் முழுக்கச் சிவப்பு ஓடு.
போரில் எரிந்து, திரும்ப எழுந்த ஊர் என்கிறது பலகை.
எனக்குத் தெரிந்தது அழைப்பு மணிகள்தாம்:
அதோ, லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடி.
அதோ, சில்லறையைத் தரையில் வைப்பவள்.
அந்தப் பச்சைச் சன்னல்
கதவிடுக்கில் ஒரு கை மட்டும்:
நரைத்த ரோமம், நீலக்கல் மோதிரம், "டாங்கே",
பின்பு கதவு.

குட்டைக்கால் நாய் ஒன்று
வாரை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது.
என் முழங்காலில் ஏறி
விரல்களை நக்கித் தீர்த்தது,
அதில் இன்று சீரக வாசம்கூட இல்லை.
"ஃபிப்ஸ்! வா இங்கே! மன்னியுங்கள்..."
வாரின் மறுமுனையில் கிழவர்.
அவருக்கு முகம் இருந்தது,
நான் நினைத்ததைவிட இளைய முகம்.
"உங்களுக்குள் முன்பே பழக்கமா?"

"ஆமாம்" என்றேன். "செவ்வாய்தோறும்."

மோதிரக் கை தாடையில் நின்றது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.

"பருப்பு!" என்றார், முகமெல்லாம் மலர்ந்து.
கையைப் பிடித்துக் குலுக்கினார்.
"அடுத்த வாரம் கொஞ்சம் காரம் கூடட்டும்,
என்னால் தாங்க முடியும்."

சமைப்பவன் நானில்லை என்று
சொல்லியிருக்கலாம்.
சரி என்றேன்.
இறங்கும்போது அதே வளைவு வந்தது.
தள்ள வண்டி இல்லை.
கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்,
எடுத்தேன்,
மறுபடி வைத்தேன்.