சொல்லிவிட்டுத் தொடுதல்

கோரிமேட்டு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
பதினேழாம் கட்டில்காரருக்குப்
பதினோரு நாளாய் நினைவில்லை.
ஆனாலும் சொல்வேன்:
"ஐயா, இடப்பக்கம் திருப்பப் போறேன்.
தண்ணி கொஞ்சம் சில்லுனு இருக்கும்."
டயாப்பர் பட்டையைப் பிரிக்குமுன்
திரையை இழுத்துவிடுவேன்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்
நாக்கில் ஒட்டிய பழக்கம்.
சம்பளத்துக்குள் அடங்கிய மரியாதை
என்றுதான் நினைத்திருந்தேன்.

நைட் டூட்டி முடிந்து
நெல்லித்தோப்பில் வண்டியை நிறுத்தும்போதே
பிலோமி பையை மாட்டியபடி இறங்குவாள்,
நேரு வீதித் துணிக்கடைக்கு.
படியில் கடக்கும்போது
ஒரே வரி:
"ஆய் போயிருக்கான், பாத்துக்கோ."

சேவியோவுக்கு ரெண்டு வயசு நாலு மாசம்.
சுவரில் லாரி வரைந்துகொண்டிருந்தான்.
பின்னாலிருந்து தூக்கினேன்.
பாயில் கிடத்தி, ஒரு கைக்குள்
இரண்டு கணுக்காலையும் சேர்த்து உயர்த்தினேன்,
சந்தையில் கோழியைத் தூக்குவதுபோல்.
"சீ, என்னடா இந்த நாத்தம்" என்றேன்
சிரித்துக்கொண்டுதான்.
எதிர்வீட்டு மார்த்தா அக்கா கதவருகே நின்று
"ஷேம் ஷேம்" என்றாள்
அவளும் சிரித்துக்கொண்டுதான்.

அவன் சிரிக்கவில்லை.
எதை மூட வேண்டும் என்று தெரியாமல்
இரண்டு கையாலும்
கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நொடியே
பதினேழாம் கட்டில் ஞாபகம் வந்தது
என்று எழுதினால் பொய்.
ஈரத் துணி எங்கே என்று தேடினேன், அவ்வளவுதான்.
ஞாபகம் வந்தது மூன்று நாள் கழித்து
வார்டில், திரை வளையங்கள் கிறீச்சிட்டபோது.

ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டு என்று
பள்ளியில் மனப்பாடம் செய்தோம்.
பூ, தீ, வா, போ.
பட்டியலில் "சீ"யும் இருந்தது.
அதற்கு எடை உண்டென்று
எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை
பாயருகே மண்டியிட்டுக் கேட்டேன்:
"டயாப்பர் கனமா இருக்கு. மாத்தலாமா?"
"வேணாம்."
கேட்டுவிட்டால் பதிலுக்கும்
இடம் கொடுக்க வேண்டுமே.
"சரி, லாரியை முடி. அப்புறம் கண்டிப்பா மாத்தணும்,
இல்லேன்னா தோல் எரியும்."
லாரிக்குப் பதினாலு சக்கரம் போட்டான் பாவி.
ராத்திரி முழுக்க விழித்த கண்
மிளகாயாய் எரிய
ஒவ்வொரு சக்கரத்துக்கும் காத்திருந்தேன்.
பிறகு அவனே வந்து படுத்தான்.
"இடுப்பைத் தூக்கு" என்றதும் தூக்கினான்.
"இப்போ துடைக்கிறேன்."
"சில்லு" என்றான்.
"ஆமா, சில்லு."
நாற்றம் பழைய நாற்றம்தான்.
அதை அவன் தலையில் வைக்கவில்லை, அவ்வளவே.

எல்லா நாளும் இப்படி இல்லை.
பச்சை நிறப் பாட்டி வாங்கினோம்,
அதில் ஸ்கெட்ச் பேனாக்களை நட்டு வைத்தான்.
ஒருநாள் கத்தியும்விட்டேன்.
"அப்பா கத்தினது தப்பு" என்று
நான் சொன்னபோது
பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

மார்த்தா அக்காவிடம் சொன்னேன்:
"அக்கா, அந்த ஷேம் ஷேம் வேணாமே."
முகம் சுருங்கியது.
"நாமெல்லாம் அப்பிடித்தான வளந்தோம்?"
"ஆமாக்கா. அதான் இன்னும்
கடலூர்லேர்ந்து பஸ்ஸுல
அடக்கிக்கிட்டே வந்து சேர்றோம்."
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் சுறாப்புட்டு வந்தது.
அந்த வார்த்தை அதன்பின் வரவில்லை,
அல்லது நான் இல்லாத நேரத்தில்
வருகிறதோ என்னவோ.

நேற்று எனக்கு ஆஃப்.
நடு ராத்திரி, காதருகே சூடான மூச்சு:
"அப்பா, மூச்சா வரப்போவுது."
நான் எழுவதற்குள்
பாய் நனைந்துவிட்டது.
"வந்துடுச்சு" என்றான்.
குரலில் பயம் இருக்கிறதா என்று கேட்டேன்,
இருட்டில், வார்டில் மூச்சை எண்ணுகிறவன் காதால்.
இல்லை. வெறும் தகவல்.
"சொன்னியே, நல்லது. வா, மாத்திக்கலாம்.
இப்போ லைட்டு போடப் போறேன்,
கண்ணு கூசும்."

இரண்டு கையாலும்
கண்ணை மூடிக்கொண்டு,
விரலிடுக்கில் பார்த்தபடி
"போடு" என்றான்.