ஒன்பது மணி

என் வேலை கணக்கெழுதுவது.
அந்தோஃபகாஸ்தா துறைமுகத்துக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட அலுவலகம்.
அமில லாரிகள் செம்புச் சுரங்கத்துக்கு ஏறும்,
வெறும் தொட்டியோடு இறங்கும்.
நிபால்தோ பதினாறு மணி நேரம் ஓட்டினால்
நான் ஒன்பது என்று எழுதுவேன்.
மிச்சம் ஏழை எங்கே வைப்பது என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

விடிகாலையில் கையெழுத்துப் போட வருவான்.
மூடியோடு பேனாவைத் தாளில் தேய்ப்பான்.
எழுதவில்லையே என்று அதைத் திட்டுவான்.
நான் சிரித்திருக்கிறேன்.

"பாலைவனத்தில் ஒருத்தி சாலையைக் கடந்தாள், யாஸ்னா.
கையில் வாளி, பின்னால் நாய்.
பிரேக்கை மிதித்து இறங்கிப் பார்த்தால்
உப்பு, காற்று, என் டயர் கோடு.
நாய்க்குக்கூடக் கால்தடம் இல்லை."

தூக்கம் அங்கே இருட்டாக வருவதில்லையாம்,
வளையாத சாலையாக, வெயிலாக வருமாம்.
ஜன்னலைத் திறப்பான். கன்னத்தில் அறைந்துகொள்வான்.
வானொலியில் பந்து கோலை நெருங்கும்;
அடுத்த சொல் காதில் விழும்போது
ஆட்டம் முடிந்திருக்கும்.
இடையில் லாரியை ஓட்டியது யார்?

தொண்ணூறில் போகும் வண்டிக்கு
நான்கு நொடிக் கோழித்தூக்கம் நூறு மீட்டர்.
மேசையிலிருந்து மீன்கடை வரை அவ்வளவுதான் இருக்கும்.
கண்ணை மூடி நடந்து பார்த்தேன்.
பதினோராவது அடியில் திறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவன் லாரி வரவில்லை.
மேலாளர் எவரிஸ்தோ தொலைபேசியை எடுத்தார், வைத்தார்.
நான் காவல் நிலையத்துக்கு எண்களை அழுத்தி
கடைசி எண்ணில் விரலை நிறுத்தினேன்.

பதினொன்றரைக்கு வந்தான்,
கன்னத்தில் சட்டைக் கையின் மடிப்புத் தடம்.
"ரிகோபெர்தோ வீட்டருகில் ஓரங்கட்டினேன்," என்றான்.

ரிகோபெர்தோ வீடு முழங்கால் உயரம்.
செத்த இடத்தில் கட்டுவார்கள் இங்கே:
சிலுவை, பிளாஸ்டிக் பூ, புகைப்படம்,
அவனுக்கு மட்டும் வளைந்த ஸ்டீயரிங்கும்.
கடக்கிற லாரிகள் ஹாரன் அடித்துப் போகும்.

"இன்றைக்கு ஒருவரும் அடிக்கவில்லை போல.
அவனும் எழுப்பவில்லை."

ரிகோபெர்தோவின் பக்கம் இன்னும் என் இழுப்பறையில்.
கடைசி வரியில் ஒன்பது.
என் கையெழுத்துதான், சுழித்த ஒன்பது.

தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொன்னார் மேலாளர்.
இரண்டு விரற்கடை இடம்.
"தூங்கினான்" என்று எழுதினேன்.
பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
அவர் உள்ளே போனதும்
நேற்றைய ஒன்பதை அடிக்கப் போனேன்.
எழுதவில்லை. அழுத்தினேன். எழுதவில்லை.

நிபால்தோ கை நீட்டி
மூடியைக் கழற்றிக் கொடுத்தான்.