பின்னால

கால் பிசகியது ஒரு செவ்வாய்க்கிழமை,
பன்னிரண்டாம் மலையில், கான் தாண்டும்போது.
கூடையிலிருந்த கொழுந்து சிந்தவில்லையென்று
கணக்கப்பிள்ளை பிறகு பாராட்டினாராம்.
ஹப்புத்தளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு.
ஆறு வாரம் என்றார்கள்.

இந்த லயத்துக்கு வாக்கப்பட்டு வந்து பத்தொன்பது வருசம்.
பகல் பத்து மணிக்கு என் பின்கதவில்
வெயில் எந்தப் பக்கம் விழும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்சம் இடம். லீக்ஸ் இரண்டு பாத்தி,
சவ்சவ் பந்தல், ஒரு கொய்யா,
பீலித்தண்ணீர் ஒழுகி நிற்கும் ஈரம், குப்பைக்குழி.
தோட்டம் என்று சொல்ல மாட்டோம்.
தோட்டம் என்றால் அது கம்பெனியுடையது.
இதற்கு எங்கள் பேச்சில் 'பின்னால'.

அந்தப் பின்னாலவுக்குத்தான்
யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள்,
நான் இல்லாத நேரம் பார்த்து.

யூரியாச் சாக்கை நாலாய் மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.
முதலில் வெள்ளைக்கண்ணிகள், ஏழெட்டு,
ஓயாத பேச்சு, கொடிக்குள் தலைகீழ்த் தொங்கல்.
மூக்குக்கண்ணாடி போட்ட டீச்சர்மார்
ஒரே வேனில் ஏறியது போல.
காதோரம் மஞ்சள் சொருகிய ஒருத்தி
கொய்யாவில் நாலு குத்துக் குத்திவிட்டு
பந்தியில் உப்பில்லையென்று எழுந்தவள் மாதிரிப் போனாள்.

பழைய சம்பளச் சீட்டைத் திருப்பி எழுதத் தொடங்கினேன்.
முன்பக்கம் கிலோ, பிடித்தம், பேர் போட்ட நாள்.
பின்பக்கம்: வெள்ளைக்கண்ணி எட்டு. வாலாட்டி ஒன்று.
பேர் தெரியாதது இரண்டு;
அதுகளுக்கும் பேர் போட்டேன்.
மத்தியானத்தோடு போய்விட்ட செம்போத்துக்கு
அரைப்பேர்.

ஐப்பசி மழை விட்ட ஒரு விடியலில்
குப்பைக்குழியோரம் இலைகள் தாமாகப் புரண்டன.
எலியென்று விறகுக்கட்டையைத் தூக்கிவிட்டேன்.
பச்சை முதுகு. கண்ணை இழுத்துக் கட்டிய கரிக்கோடு.
தோளில் ஒரு துண்டு நீலம்,
வால் என்று சொல்ல ஒன்றுமில்லை,
அடிவயிற்றில் சிவப்பு, குங்குமக் கையைத் துடைத்தாற்போல்.
மண்புழுவை இழுத்தது. புழு விடவில்லை. அதுவும் விடவில்லை.
தூக்கிய கட்டையை எப்படி இறக்குவதென்று தெரியாமல்
கை மரத்துப்போக நின்றேன்,
ஒற்றைக் காலில்.

சின்னவன் தர்ஷிகன் போனில் தேடினான்.
"ஆறுமணிக் குருவியாம்மா. இந்தியாவுலருந்து வந்திருக்கு."
"பாஸ்போட் இல்லாமயா?" என்றாள்
அடுத்த காம்பராச் செங்கமலம் அக்கா.
சிரித்தோம்.
அவள் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கொண்டாள்.
பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறும்போது
அவளுக்கு ஆறு வயசு.
அந்த மாட்டுக்குட்டி என்னாச்சோ, என்றாள்,
எந்த மாட்டுக்குட்டி என்று சொல்லாமல்.

காலை ஆறுக்கு ஒரு தடவை, அந்திக்கு ஒரு தடவை,
இரண்டே சத்தம்: ஒன்று ஏறும், ஒன்று இறங்கும்.
இத்தனை வருசமும் அந்த நேரத்துக்கு அடுப்படியில்தான் இருந்தேன்,
தேத்தண்ணிக்கு ஊதிக்கொண்டு.
காதில் விழுந்திருக்கும்.
பெரட்டுக்குப் பிந்திவிடுமே என்ற நினைப்பில்
கேட்டிருக்க மாட்டேன்.

நடுவில் மூன்று நாள் வரவில்லை.
செங்கமலம் அக்காவின் பூனை முகத்தைப் பார்த்தேன்.
பூனை என் முகத்தைப் பார்த்தது.
நாலாம் நாள் பீலியடியில்,
இன்னும் நனைந்து, ஒரு கால் தூக்கி.

கட்டுப் பிரித்தாயிற்று. மறுபடி மலைக்கு ஏறுகிறேன்.
பத்து மணியானால் கை கொழுந்திலும்
நினைப்பு பின்கதவிலும்.
பனி மூடினால் இன்னும் மோசம்,
யார் வந்தார்களோ, என்ன தின்றார்களோ.

பூனைக்கு மணி கட்டியிருக்கிறேன்.
செங்கமலம் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்:
குப்பைக்குழி இலையைக் கூட்டாதே,
புரட்டுகிற ஆள் வரும்.