ஜன்னலுக்கு நாளை என்று பெயர்

யம்கலா புன் நோட்டில் எழுத்தே கிடையாது.
பக்கத்துக்கு ஒரு படம், பென்சிலால்.
நேபாளியில் எழுதி வைத்தால் நேபாளியைத்தான் படிப்பாய்
என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்,
சாவ் தெயோதோனியோவுக்கு வந்த மூன்றாம் இரவு,
எட்டுப் பெண்கள் படுக்கும் கன்டெய்னரில்,
மேல் கட்டிலில்.

முதல் பக்கம் ஃப்ரம்புவேசா.
காம்பிலிருந்து கழற்றினால்
பழத்துக்குள் ஒன்றுமில்லை.
விரல் நுனியில் தொப்பி போல் உட்காரும்.
அதனால் அவள் வரைந்தது பழத்தையல்ல,
தொப்பி போட்ட ஐந்து விரல்களை.
மறுநாள் முழுக்க அதையே முணுமுணுத்தாள்,
முப்பது கிலோ ஃப்ரம்புவேசா.

மூழ்கினால்தான் மொழி ஏறும் என்றார்கள்.
மலையில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாது.
ஐந்தரை மணி வண்டியில் ரேடியோ காதை அடைக்கும்.
கடையில் கல்லாக்காரி கேட்டதற்கெல்லாம்
"ஸிங்" என்றாள், ஆமாம் என்று.
எட்டு முறை பை வாங்கினாள்,
தேவையில்லாமல்.

பிளாஸ்டிக் கூரையின் கீழே
யாரும் எதற்கும் பொருள் சொல்வதில்லை.
"பால்தி" என்ற குரலுக்குப் பின்னால்
ஒரு வாளி உருண்டு வந்தது.
"ஷாவி" என்று இதாலினா கையை நீட்டினாள்.
ஆணியில் தொங்கியதை எடுத்துக் கொடுத்தாள்.
கொடுத்த பிறகுதான்
தனக்கெப்படித் தெரிந்தது என்று திகைத்தாள்.
உங்களுக்கு அதில் வியப்பிருக்காது.
நம் வீட்டுப் பூட்டையும்
அந்தச் சொல்தானே திறக்கிறது.

தெரிந்த சொல்லை மட்டும் நம்பக் கூடாது.
"பெட்டியை மேசாவில் வை."
வைத்தாள், நாற்காலியில்.
மேச் என்றால் அவள் ஊரில் நாற்காலி.
"அது கதெய்ரா!" என்று இதாலினா கத்த,
ஏதோ வசவு என்று நினைத்துத்
தலை குனிந்தாள்.
இரவு ஒரு மேசை வரைந்தாள்,
அதன் மேல் கால்களைத் தூக்கிக்கொண்டு ஒரு நாற்காலி,
ஹோட்டல் மூடும் நேரத்தில் கவிழ்த்து வைப்பார்களே, அப்படி.
யார் கீழே, யார் மேலே என்பதில்
அப்புறம் குழப்பமில்லை.

படத்துக்குள் வராத சொற்களும் இருந்தன.
"ஆனால்" என்பதற்கு
வளைந்த கோடொன்று போட்டு அழித்தாள்.
அமன்யா, அதாவது நாளை,
ஒடெமிரா அலுவலகத்தில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மூன்று முறை கேட்ட சொல்.
மூன்று முறையும் திரை இறங்கியது.
அமன்யாவுக்கு மூடிய ஜன்னலை வரைந்தாள்.
ஜனேலாவுக்கென்று வேறு படம் வைத்திருக்கலாம்.
வைக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மதியம் கூடாரம் கொதித்தது.
அடுத்த வரிசையில் ஒருத்தி
தட்டோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.
யம்கலா கூரையைக் காட்டிக் கூவினாள்:
"நாளையைத் திற!
நாளையைத் திற!"

இதாலினா சிரித்துக்கொண்டே
கைப்பிடியைச் சுற்றினாள்.
மேலே பிளாஸ்டிக் விலகிக் கடல் காற்று விழுந்தது.
சரிந்தவள் தண்ணீர் குடித்து எழுந்தாள்.
பிறகு இதாலினா நோட்டைக் கேட்டாள்.

விரல்கள். சாவி. கவிழ்ந்த நாற்காலி.
மூடிய ஜன்னலில் அவள் சிரிப்பு நின்றது.
அதற்கடுத்த பக்கத்தில் அவளே இருந்தாள்,
கழுத்தில்லை, கண்ணில்லை,
தாள் முழுக்கத் திறந்த ஒரு வாய்.
தெப்ரெசா.
சீக்கிரம்.

யம்கலாவுக்கு விரல்கள் சில்லிட்டன.
உனக்கு வேலை இல்லை என்பதற்கு
இன்னும் படம் வரையவில்லை.
இதாலினா நெடுநேரம் பார்த்தாள்.
பென்சிலை வாங்கினாள்.
தன் வாய்க்குப் பின்னால், காது இருக்க வேண்டிய இடத்தில்,
இன்னொரு வாய் வரைந்தாள், அதைவிடப் பெரிதாக.
அதற்கும் பின்னால்
தாளின் ஓரம் வெட்டியது போக மிஞ்சிய
மூன்றாவது ஒன்று,
மேலுதடு மட்டும்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
"தெப்ரெசா" என்றாள்,
பழக்கத்தில்.