கத்தியை வாட்டுதல்

கத்திதான் கொண்டுபோனது.
செம்பிஜ்ஜா ஒரே மதியத்தில்
நாற்பது மரத்தில் பூ அறுத்தார்,
ஒரே கத்தியால், நடுவில் துடைக்காமல்.
மூன்றாவது வாரம் இலைகள்
வெந்நீர் ஊற்றியதுபோல் மடிந்தன.
தண்டை வெட்டினால் மஞ்சள் சீழ்.
நாள் வருமுன்னே பழுத்த காய்கள்
உள்ளே துருநிறம்.

கம்பாலாவுக்கு வடக்கே, அந்தச் சரிவில்
சோறு என்றால் மடோக்கே.
சாப்பிட்டாயா என்பது
வாழைக்காய் வெந்ததா என்கிற கேள்வி.

வாழையடி வாழை என்று
மணமேடையில் வாழ்த்துகிறோமே,
அதற்குள் ஒரு விபரீதம் படுத்திருக்கிறது.
விதை கிடையாது.
கன்று என்று நாம் சொல்வது
தாயேதான், இன்னொரு முறை.
நூறு குன்றுக்கு ஒரே உடம்பு.
ஒன்றுக்குத் தெரியாத எதிரியை
ஒன்றுக்குமே தெரியாது.

மேட்டில் ஆய்வகம். அங்கே நல்வோகாவுக்கு
எழுதப் படிக்கிற வேலை.
நான்கே எழுத்து: ஏ, டி, ஜி, சி.
உயிரெழுத்தா மெய்யெழுத்தா என்றால்
உயிருக்கும் மெய்க்கும் அவைதான்.
முறுக்கிய இரண்டு இழை.
ஏ எதிரே டி, ஜி எதிரே சி,
இடம் மாறி உட்காராது.
பிரித்துவிட்டால் போதும்,
தொலைந்த பாதியை
மிஞ்சிய பாதி தானே சொல்லிவிடும்.
அப்படித்தான் ஒவ்வொரு செல்லும்
தன்னைப் படியெடுக்கிறது.
கோடி எழுத்துகளைத் தாண்டி
எங்கோ ஓர் ஒற்றுப்பிழை.
அந்தப் பிழைகளில்தான்
புலியும் வந்தது, புல்லும் வந்தது,
புற்றும் வந்தது.

குடைமிளகாயில் ஒரு வாக்கியம் கண்டெடுத்தார்கள்.
கிருமி நுழைந்ததும்
சுற்றியிருக்கும் செல்களைச் சட்டென்று சாகச் சொல்வது.
தீ பரவாதிருக்க
அடுத்த வீட்டுக் கூரையைப் பிரிக்கிற கணக்கு.
அதை வாழைக்குள் சேர்க்க ஆள் வேண்டுமே.
மண்ணில் இருக்கிறது ஒரு பாக்டீரியா,
செடியின் காயத்தில் புகுந்து
தன் எழுத்தைச் செருகிவிட்டுப் போகும் பழைய திருடன்.
அதன் கெட்டதை நறுக்கி எறிந்து
குடைமிளகாயைக் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள்.
முள்ளை முள்ளால்.
எந்தப் பக்கத்தில் செருகுவாய் என்று
திருடனைக் கேட்க முடியாது.
சில செல்கள் ஏற்றன.
மற்றவை வாழையாகவே இருந்துவிட்டன.

எது ஏற்றது என்று பார்க்க ஓர் இயந்திரம்.
தொண்ணூற்று நான்கு டிகிரியில் இழை பிரியும்,
ஐம்பத்தைந்தில் துணுக்குகள் தம் இடம் தேடி ஒட்டும்,
எழுபத்திரண்டில் வளரும். முப்பத்தைந்து சுற்று.
இருபத்தொன்பதாவதில் மின்சாரம் போனது.
நல்வோகா லுகாண்டாவில் ஒன்று சொன்னாள்,
இங்கே எழுத முடியாது.
மறுபடி முதலிலிருந்து.
இரவு பத்தரைக்கு, ஜெல்லில், நீல ஒளியில்,
வாழைக்குச் சொந்தமில்லாத உயரத்தில்
ஒரு கோடு.
அவள் இரண்டு முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.

வேலிக்குள் நட்டு
ஊசியால் நோயை ஏற்றினார்கள்.
பக்கத்து வரிசையின் சாதா மரங்கள்
ஆறு வாரத்தில் அழுகின.
இவை நின்றன.
எல்லாமும் இல்லை; பதினேழில் பதினொன்று.

சோதனை முடிந்த நாள்.
வெளியே விட அனுமதி இன்னும் வரவில்லை.
விதிப்படி குலையோடு வெட்டி, குழியில் தள்ளி,
எண்ணிக் கையெழுத்திட்டு மூட வேண்டும்.
செம்பிஜ்ஜா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.
ஒரு கன்று, என்றார்.
கைதவறி விழுந்ததாக இருக்கட்டுமே.
அவள் பதில் சொல்லவில்லை.
பத்து வருடம் கழித்து
அந்தக் கிருமி தன் பங்குக்கு என்ன எழுதும் என்று
அவளுக்கும் தெரியாது.

காவலர் எட்டு என்றார்.
ஒன்பதாவது மரத்துக்குப் போகுமுன்
அவள் கத்தியை நெருப்பில் வாட்டினாள்,
எட்டு முறையும் வாட்டியதுபோலவே.
சாகப்போகிற மரத்துக்கு எதற்கு என்று
யாரும் கேட்கவில்லை.
செம்பிஜ்ஜா கன்றை மறந்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்:
அலகு சிவந்து, கறுத்து, ஆறும்வரை
அவள் காத்து நின்றதை.